நம்மட விசயம்

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 17ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் ஒன்பது மணி இருபது நிமிடத்தில், கச்சான் காற்று ஓய்ந்து கொண்டற் காற்று இன்னும் எழாத, முகில் இருந்தும் மழையில்லாத வேளையில், சாய்ந்தமருது நீலமுத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளர் ஜவுபர், தமக்கு எழுதப்படாத மின்னஞ்சல் ஒன்றைத் திறந்தார். அக்கணத்திலிருந்து வேறொருவரின் குரலில் பேசத் தொடங்கினார். அவருடைய சொந்தக் குரல் ஐம்பத்து நான்கு வயதுக்குரியது. எண்ணெய் காணாத கதவுக் கீலை ஒத்தது. புதிய குரல் இருபத்தேழு வயதுக்குரியது. சற்றே மூக்கால் வருவது. வசனத்தின் இறுதிச் சொல்லை மேலே தூக்கி விடுவது. எதிர் மேசையிலிருந்த இலிகிதர் முஸ்பிறா அதனை முதற்சொல்லிலேயே அறிந்துகொண்டார். முதற்சொல் ‘தேத்தண்ணி’ என்பதாகும். குரல் முஸ்பிறாவின் தம்பி றிம்சானுடையது. அவன் கடலுக்கு அப்பால் இழுவைக் கப்பலொன்றில் வேலைக்குச் சென்று இரண்டு வருடமாகி, கடந்த பதினொரு மாதங்களாகத் தொலைபேசியிலும் கடிதத்திலும் அகப்படாதவன்.

இத்தகைய குரல் மாற்றம் சங்கத்துக்குப் புதிதன்று. 2016இல் சங்கம் ஒரேயொரு மின்னஞ்சல் முகவரியைப் பெற்றது. ஐந்து ஊழியருக்கும் அதுவே முகவரி. அதன் கடவுச்சொல் நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தது. ஐந்து பேருக்கும் தனித்தனி முகவரி எடுத்தாலென்ன என்று அன்றே ஒருவர் கேட்டதற்கு, தலைவர் றவூப் ஹாஜியார், “ஏன், நம்மட ஆக்கள்தானே?” என்று கூறி விடயத்தை முடித்துவைத்தார். ஊழியர்கள் தம் சொந்தக் கடிதங்களுக்கும் அம்முகவரியையே கொடுத்தனர். ஒருவர் மற்றவருடையதைத் திறந்தனர். திறந்தவர், எழுதியவரின் குரலைப் பெற்றனர். 2018இல் களஞ்சியப் பொறுப்பாளர் முகம்மது தம்பி, காசாளருக்கு அவருடைய மாமனார் எழுதியதைத் திறந்துவிட்டு, நான்கு நாள் அந்த மாமனாரின் குரலில் ஐஸ் கட்டி எண்ணினார். காசாளர் அந்த நான்கு நாளும் எழுந்து நின்றே வேலை செய்தார். கடிதம் உரியவரிடம் சேர்ந்ததும் குரல் நீங்கிவிடும் என்பது அனுபவத்தால் அறியப்பட்டிருந்தது. 2019இல் முன்னாள் ஊழியர் ஒருவர், வலை வழங்குவதற்கான விலைக்கோரலொன்றைத் தம்முடைய சொந்தக் கடிதமெனக் கூறி எடுத்துச் சென்றார். அதன்பின் பணிப்பாளர் சபை ஒரு விதியை இயற்றியது: சங்கத்தின் முகவரிக்கு வந்த எந்தக் கடிதமும், ஏழு பணிப்பாளரில் ஐவரேனும் ஒப்பமிட்ட தீர்மானமின்றித் தனியாருக்குரியதாகக் கொள்ளப்படமாட்டாது, பிணக்குக்குரிய கடிதம் வரின் முகாமையாளர் உடனடியாகக் கடவுச்சொல்லை மாற்றிப் பூட்டிவைக்க வேண்டும்.

றிம்சான் அம்முகவரிக்கு எழுதியதற்குக் காரணம் உண்டு. அவன் சைத்தான் கண்ணுக்கும் அழகாகத் தெரியும்படி எழுத்து வரையக்கூடிய பெயர்ப்பலகைக்காரன். சங்கத்தின் ஐஸ் தொழிற்சாலைச் சுவரில், கடலிலிருந்து வாசிக்கத்தக்க அளவில், அந்த மின்னஞ்சல் முகவரியை நீல நிறத்தில் எழுதியவன் அவனே. கைத்தொலைபேசியையும் அதிலிருந்த இலக்கங்களையும் இழந்தவனுக்கு மனப்பாடமாய் எஞ்சியிருந்த ஒரே முகவரி அதுதான். ஆனால் கடிதத்தின் தலைப்பில் அவன் தமக்கையின் பெயரை எழுதவில்லை. ‘நம்மட விசயம்’ என்று எழுதினான். யாழ்ப்பாணத்தான் ஒருவன் ‘எங்கட விசயம்’ என்று எழுதியிருப்பான். அது சங்கத்துக்கு உரியதன்று என்பது திறக்குமுன்னரே புலப்பட்டிருக்கும். இக்கரையில் ‘எங்கட’ அருகியே வழங்கும். நம்மட ஊர், நம்மட பள்ளி, நம்மட கடல் என்பதோடு நில்லாமல், தனியொருவரின் பல்வலியும் நம்மட பல் என்றே பேசப்படும். இலக்கணம் இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்னும், கேட்பவரையும் உள்ளடக்கிக்கொள்வது. ஜவுபர் அத்தலைப்பைக் கண்டதும் தம்மையும் அதில் உள்ளடக்கிக்கொண்டார். ‘அஸ்ஸலாமு அலைக்கும் தாத்தா’ என்ற முதல் வரியை வாசித்தார். இப்பகுதி முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்றும் ராத்தா என்றும் அழைப்பர். தவறை உணர்ந்து, நேர்மையானவர் ஆகையால் அடுத்த வரியைப் பாராமல் மூடினார். பின்னர்த் தேத்தண்ணி கேட்டார்.

“சேர், அது என்ட தம்பிட கடதாசி,” என்றார் முஸ்பிறா. எழுந்து நின்றதில் அவருடைய கதிரை பின்னால் விழுந்துவிட்டது. “திறந்து காட்டுங்க.”

“ஓம், உங்கட தம்பிட கொரல்தான். எனக்கே வெளங்குது,” என்றார் ஜவுபர், அத்தம்பியின் குரலிலேயே. “ஆனா விதி இரிக்கி. நான் இண்டைக்கு உங்களுக்கு விட்டா, நாளைக்கு நாலு பேருக்கு விடணும்.” இவ்வாறு கூறிக் கடவுச்சொல்லை மாற்றினார், புதியதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, இரும்பு அலுமாரியில் வைத்தார். முஸ்பிறா மீண்டும் கேட்டிருந்தால் ஒருவேளை இணங்கியிருப்பார். ஆனால், பதினொரு மாதங்களின் பின் தம்பியின் குரல் தமக்கு மறுப்புக் கூறுவதைக் கேட்ட முஸ்பிறா, விழுந்த கதிரையை நிமிர்த்தவே குனிந்தார்.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு ஜவுபர் வழக்கம்போல் கரையோர ஒலிபெருக்கியில் கடல்நிலையை அறிவித்தார். காற்று மணிக்கு இருபது கிலோமீற்றர், அலை மிதமானது, வள்ளங்கள் செல்லலாம். வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த நாற்பத்தொரு பேர் ஒருங்கே தலைநிமிர்ந்தனர். அவர்களுள் ஒருவருடைய தோணிக்கு ‘அல்-பறகத்’ என்று பெயரெழுதத் தொடங்கிய றிம்சான், ‘அல்-பற’ என்பதுடன் விமானம் ஏறியிருந்தான். தோணி இரண்டு வருடமாக அப்பெயரிலேயே கடல் சென்று வந்தது. அத்தோணிக்காரர் ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பார்த்துக் கத்தினார்: “டேய் றிம்சான்! எப்படா வந்த? பாதிப் பேரோட என்ட தோணிய உட்டுட்டுப் போனியே, மிச்சத்த எப்படா எழுதுவ?” அறுநூறு மீற்றருக்கு அப்பால் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்த சபியா உம்மா, அவனுடைய தாய், வெள்ளைக் கைகளோடு ஓடிவந்து கம்பத்தின் கீழ் நின்றார். அறிவித்தல் முடியும்வரை கேட்டார். “காத்து இருபது எண்டா அவனுக்குக் குளிருமே,” என்று கூறினார்.

மறுநாள் முதல் காலை பத்து மணிக்குச் சபியா உம்மா தம் நீலப் பிளாஸ்டிக் கதிரையுடன் சங்கத்துக்கு வரலானார். ஜவுபர் என்ன பேசினாலும் அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஐஸ் கட்டிகளின் எண்ணிக்கை, குளிரூட்டியின் பழுது, 2011ஆம் ஆண்டின் பொதுக்கூட்ட அறிக்கை ஆகிய யாவற்றையும் அவர் தலையசைத்துக் கேட்டார். ஜவுபருக்கு வீட்டிலும் இடர் இருந்தது. அவர் கதவுக்கு வெளியே நின்று அழைத்தால், மனைவி சல்மா உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டே திறந்தார். “நான்தானே,” என்று ஜவுபர் கூற, “நீங்கதான் எண்டு கண்ணுக்குத் தெரியிது, காதுக்குத் தெரியல்லையே,” என்றார் அவர். ஊரின் உற்சாகமோ நாளுக்கு நாள் பெருகிற்று. மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாரம் விற்பவர்கள் வந்தனர்; அக்கரைப்பற்று பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிச் சங்கத்துக்கு வழி கேட்டனர்; பாடசாலை விட்டதும் பிள்ளைகள் யன்னலில் தொங்கினர். பிற்பகல் மூன்றரைக்குக் கடற்கரையில் இடம் பிடிப்பது கடினமாயிற்று. கடலை விற்பவர்கள் மூவர் ஐவராயினர். றிம்சான் எங்கே இருக்கிறான், என்ன எழுதியிருக்கிறான், எப்போது வருவான் என்று எல்லோரும் அறிந்திருந்தனர். ஒருவர் அறிந்ததும் மற்றவர் அறிந்ததும் வேறாயிருந்தன.

ஒன்பதாம் நாள், 25ஆம் திகதி, ஜவுபருக்கு மூக்கில் நீரில்லை, காய்ச்சலில்லை. ஆயினும் குரல் கம்மிற்று. சபியா உம்மா இரண்டு சொற்களைக் கேட்டதும் எழுந்தார். “பொடியனுக்குத் தடிமன்,” என்று கூறி வீட்டுக்குச் சென்று, கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த குடிநீருடன் திரும்பினார். தாம் நலமாக இருப்பதாக ஜவுபர் கம்மிய குரலில் எடுத்துரைத்தார். “உங்களுக்கு ஆரு தந்த? தொண்டைக்கித்தானே தந்த. குடிங்க,” என்றார் சபியா உம்மா. மூன்று நாள் குடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் குரல் தெளிந்தது. எங்கோ ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஒருவனுக்குத் தடிமன் குணமாயிற்று என்பதில் ஊருக்குள் இரண்டாம் கருத்து இருக்கவில்லை. ஆகவே றிம்சான் உயிரோடு இருந்தான். அன்றிலிருந்து சபியா உம்மா சோறும் கொண்டுவரத் தொடங்கினார். ஜவுபர் ஒரு கிலோ எடை கூடினார்.

இதன் விளைவாகவே இடையூறும் வந்தது. கடிதத்தைக் கோரிச் சபைக்கு வைக்கவிருந்த தீர்மான வரைவின் முதல் நகலை எழுதி முடித்த முஸ்பிறாவிடம் தாய் வந்து, அதைக் கிழித்துப்போடும்படி கேட்டார். “கடதாசி கையில வந்தா கொரல் போயிரும் மகள். இப்ப நான் அவனுக்கு மருந்து குடுக்கன், சோறு குடுக்கன். நீ எனக்குக் கடதாசிய வாசிச்சுக் காட்டுவ, பொறவு?”

“பொறவு அவன் என்ன கேக்கான் எண்டு தெரியும் உம்மா. பதினொரு மாசத்துக்குப் பொறவு எழுதிரிக்கான். காப்பாத்துங்க எண்டு எழுதினானோ, வாறன் எண்டு எழுதினானோ? நீங்க மெனேஜருக்கு மீன்கறி தீத்திக்கிட்டிரிக்கிற நேரம் அவன் பதில் பாத்துக்கிட்டிருப்பான்.”

“கதைக்கிற கொரல் சொகமாத்தானே இரிக்கி.”

“கதைக்கிறது கடல்நிலை உம்மா!”

சபியா உம்மா அன்று மகளுடன் வீடு திரும்பவில்லை, தனியே நடந்தார். அடுத்த நாள் பத்து மணிக்குக் கதிரையுடன் வந்தார்.

நவம்பர் 2ஆம் திகதி, வியாழக்கிழமை, பணிப்பாளர் சபை கூடியது. வாசலில் இருநூறு பேர் நின்றனர். றவூப் ஹாஜியார் விதிகளில் வல்லவர். எழுபது வயதிலும் கண்ணாடியின்றி வாசிப்பவர். அவர் தலைப்பைச் சுட்டிக்காட்டினார். “‘நம்மட விசயம்’ எண்டு தெளிவாப் போட்டிரிக்கி. நம்மட எண்டா சங்கத்திட. இதுல என்ன வழக்கு?”

“ஹாஜியார், போன மாசம் நம்மட வயிறு சரியில்ல எண்டு சொல்லிக் கூட்டத்துக்கு நீங்க வரல்ல,” என்றார் முஸ்பிறா. “சங்கம் மருந்து குடிச்சதா?”

“குடிச்சிருந்தா நல்லம். எனக்குச் செலவு மிச்சம்,” என்றார் ஹாஜியார். வாசலில் நின்றவர்கள் சிரித்தனர், அவரும் சிரித்தார், ஆனால் ஒப்பமிடவில்லை. ‘நமக்கு வரும் தனிப்பட்ட கடிதங்கள்’ என்று தொடங்கிய முதல் நகலில் யாருக்கு வரும் என்பது தெளிவில்லை என்றார். அவர் கூறியது சரியே. அங்கேயே எழுதப்பட்ட இரண்டாம் நகலில் ‘எங்களுக்கு’ என்று மாற்றப்பட்டது; அதனைப் பணிப்பாளர் எழுவரும் ‘நமக்கு’ என்றே வாசித்தனர். கூட்டம் ஒரு கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த ஒரு கிழமையும் முஸ்பிறா உயர்தரத்தில் படித்த இலக்கண நூலை வைத்துக்கொண்டு மூன்றாம் நகலை எழுதினார். பிழை எங்கே என்று அவர் கண்டுகொண்டார். ‘நம்மட’ என்பது ஆறாம் வேற்றுமை. அது உடைமையைப் பற்றியது. ஒரே முகவரியை ஐவர் உடைமையாகக் கொண்டிருக்கும்வரை ஆறாம் வேற்றுமையால் எந்த வழக்கும் தீராது. ஆனால் எட்டாம் வேற்றுமை ஒன்றுண்டு. அது விளி, அழைப்பது. எந்தக் கடிதமும் முகவரியை அழைப்பதில்லை, ஒருவரை அழைக்கின்றது. ஆகவே மூன்றாம் நகல் இவ்வாறு தொடங்கிற்று: ‘கடிதமொன்று யாரை விளிக்கின்றதோ அவருக்கே உரியது, எந்த முகவரிக்கு வந்தது என்பது பொருட்டன்று.’ தொடர்ந்து, ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல்லுடன் தனிப் பெட்டி வழங்கப்படும் என்றும், முகாமையாளர் அதில் அனுப்பியவரின் பெயரையும் திகதியையும் மாத்திரம் காணலாம் என்றும், விளிக்கப்பட்டவர் விடுமுறையில் இருந்தாலும் அவர் திரும்பும்வரை கடிதம் காத்திருக்கும் என்றும் கூறியது.

நவம்பர் 9ஆம் திகதி, வியாழக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, மெல்லிய தூறலில், சபை மீண்டும் கூடியது. வாசலில் நின்றவர்களை எவரும் எண்ணவில்லை. வீதியில் பஸ்கள் நின்று சென்றன. ஹாஜியார் மூன்றாம் நகலை இருமுறை வாசித்தார். “சரி, இந்தக் கடதாசி ஆரை விளிக்கிது? வாசிச்சவர் ஒருத்தர்தான். ஜவுபர், நீங்க வாசிச்ச வரியச் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

ஜவுபர் எழுந்து நின்றார். “அஸ்ஸலாமு அலைக்கும்…” என்றார், றிம்சானின் குரலில். ஸலாம் கேட்டால் பதில் கூறாதிருத்தல் ஆகாது. ஏழு பணிப்பாளரும் பதில் கூற வாய் திறந்தனர். “…தாத்தா,” என்று ஜவுபர் முடித்தார். இறுதிச் சொல் மேலே எழுந்தது. ஏழு ஆண்களும் வாயை மூடிக்கொண்டனர். முஸ்பிறா, தாம் பேசுவதை அறியாமலே, “வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி,” என்றார்.

அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. ஹாஜியார் பேனையைத் திறந்தார். திறந்தவர் நிறுத்திச் சபியா உம்மாவைப் பார்த்தார். “பெத்த தாய் நீங்க. உங்களுக்கு ஆட்சேபம் எண்டு கேள்விப்பட்டன்.”

சபியா உம்மா கதிரையிலிருந்து எழவில்லை. ஜவுபரைப் பார்த்து, “மகன், ஒருக்கா உம்மா எண்டு சொல்லு. பொறவு குடுக்கட்டும்,” என்றார்.

இருபத்து மூன்று நாளும் ஜவுபர் அந்த ஒரு சொல்லைத் தவிர்த்தே வந்திருந்தார்.  “ராத்தா, சொல்லலாம். சொல்றதுக்கு எனக்கு ஒண்டுமில்ல,” என்றார். “ஆனா அது நான் சொல்றது. அவன் சொல்றதில்ல. அவன் சொல்லியிருந்தா அது கடதாசில இரிக்கும்.”

 சபியா உம்மா கதிரையைத் தூக்கினார். வாசலுக்குச் செல்கிறார் என்று எல்லோரும் எண்ணினர். அவர் அதைக் கணினியின் பக்கத்தில், முஸ்பிறாவின் கதிரையோடு ஒட்டி வைத்து அமர்ந்தார். “போடுங்க ஹாஜியார் ஒப்பத்த. கை நோகுதா?” என்றார்.

ஏழு பேரும் ஒப்பமிட்டனர். ஐவர் போதுமாயிருந்தும் எவரும் பின்னிற்க விரும்பவில்லை. யன்னலில் நின்ற முகம்மது தம்பி ஒவ்வொரு ஒப்பத்தையும் வெளியே உரத்து அறிவித்தார். ஒவ்வொன்றுக்கும் வீதி ஆரவாரித்தது. கடவுச்சொல் இருந்த உறை தீர்மானத்தோடு குண்டூசியால் இணைக்கப்பட்டது. விதிப்படி, கையளிக்குமுன் முகாமையாளர் தீர்மானத்தை முழுமையாக வாசிக்க வேண்டும். ஜவுபர் வாசித்தார். ‘குரல் மாறிய ஊழியர் எவரும் அக்காலத்தில் ஒலிபெருக்கியில் கடல்நிலை அறிவித்தலாகாது’ என்ற ஒன்பதாம் வாசகத்தை அடைந்தபோது, அவருக்குள்ளிருந்து திடீரென ஒரு சிரிப்பு வெடித்தது. அது மூக்கில் தொடங்கி, நெஞ்சுக்கு இறங்கி, மீண்டும் மேலே எழும் சிரிப்பு. ஊரில் எல்லோரும் அறிந்தது. சபியா உம்மா மகளின் கையைப் பற்றினார். “அவன் சிரிக்கான்,” என்றார். “எங்கயோ இருந்து சிரிக்கான் மகள்.” வீதியில் ‘அல்-பற’ தோணிக்காரர், பெயின்ற் வாங்க இப்போதே போவதாகக் கூவினார்.

ஜவுபரால் சிரிப்பை நிறுத்த இயலவில்லை. சிரித்தபடியே தீர்மானத்தை நீட்டினார். முஸ்பிறா அதனை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டார். நேரம் முற்பகல் பதினொரு மணி ஐம்பத்திரண்டு. கடிதத்தில் இருந்தது சங்கத்தின் பதிவேட்டில் இல்லை. அது பதிவேட்டை விளித்து எழுதப்பட்டதன்று. பதிவேட்டில் உள்ளது இவ்வளவே: தாள் கைமாறியபோது சிரிப்பு றிம்சானுடையதாகத் தொடங்கி ஜவுபருடையதாக முடிந்தது; எந்த இடத்தில் மாறிற்று என்பதை எவரும் கவனிக்கவில்லை. குரல் திரும்பியதில் வியப்படைந்தவர் யாருமிலர். பத்தொன்பது வருடச் சேவையில் முகாமையாளர் அலுவலகத்தில் சிரித்தது இதுவே முதற்றடவை என்பதைத்தான் ஊழியர்கள் பல நாள் பேசிக்கொண்டிருந்தனர்.